பென்குயினும் கட்-அவுட்டும்: கதைமாந்தர் மீது நமக்கு ஏன் அன்பு பிறக்கிறது?

மனநலப் புறநோயாளர் பிரிவில் குடும்பத்தார் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. நோயாளியை வெளியே அமரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். “16 வயது மகள், ஜப்பானியச் சித்திரத் தொடரில் வரும் ஒரு வீரனின் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உறங்குகிறாள்.” “வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் என் கணவர், மாலைத் தொடரில் வரும் மருமகளுக்கு ஒரு துன்பம் என்றால் அன்றிரவு சாப்பிடுவதில்லை.” “மறதி நோயுள்ள அம்மா ஒரு பொம்மையை மடியில் வைத்துத் தாலாட்டுகிறார். பார்க்கவே மனம் பொறுக்கவில்லை, டாக்டர்.” சொல்லும் விதம் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இது மனநோயின் தொடக்கமா?

பெரும்பாலான நேரங்களில் இல்லை என்பதே விடை. இல்லாத ஒருவர் மீது உண்மையான அன்பு கொள்வது, மூளை பழுதுபட்டதன் அடையாளமாகாது. மூளை இயல்பாக வேலை செய்யும் முறையிலேயே அதற்கான வித்து இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள மனிதரிடமிருந்து தொடங்குவதைவிட, சில விலங்குகளிடமிருந்து தொடங்குவது எளிது.

டோபு பூங்காவின் பென்குயின்

ஜப்பானின் சைதாமா மாநிலத்தில் டோபு விலங்குப் பூங்கா இருக்கிறது. அங்கே கிரேப் என்று பெயரிடப்பட்ட ஆண் ஹம்போல்ட் பென்குயின் ஒன்று வாழ்ந்தது. பெரு, சிலி நாடுகளின் கடற்கரைகளைத் தாயகமாகக் கொண்ட இனம் அது. 20 வயதைக் கடந்திருந்த அந்த முதிய பறவையை விட்டு, பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த இணை வேறோர் ஆணுடன் சேர்ந்துவிட்டது. இந்நிலையில், 2017ஆம் ஆண்டு ‘கெமோனோ ஃபிரண்ட்ஸ்’ என்னும் சித்திரத் தொடரின் பாத்திரங்களைக் கட்-அவுட்களாகச் செய்து பூங்காவில் ஆங்காங்கே நிறுத்தினார்கள். பென்குயின்கள் இருந்த இடத்தில் நின்றவள் ஹுலுலு. ஹம்போல்ட் பென்குயினையே ஒரு சிறுமியாகக் கற்பனை செய்து வரைந்த உருவம் அது.

கிரேப் அந்தக் கட்-அவுட்டின் எதிரே போய் நின்றது. நெடுநேரம் அண்ணாந்து பார்த்தது. மற்ற பென்குயின்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் அங்கிருந்து நகர மறுத்தது. படங்கள் உலகெங்கும் பரவின. அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் நாள் கிரேப் இறந்தது. அதன் இறுதி நாட்களில் பணியாளர்கள் ஹுலுலுவின் கட்-அவுட்டை அருகிலேயே வைத்திருந்தார்கள். நேரில் ஒருமுறையேனும் அந்தப் பறவையைப் பார்த்திராத பல்லாயிரம் பேர் வருந்தினர், ஓவியம் வரைந்தனர், இரங்கல் எழுதினர்.

இந்த நிகழ்ச்சியை இரண்டு பகுதிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பலகையைப் பார்த்து நின்ற பறவை ஒரு பகுதி. அந்தப் பறவைக்காக அழுத மனிதர்கள் மற்றொரு பகுதி. பென்குயின் காதல் கொண்டது, துயருற்றது என்று கதையாகக் கோத்தவர்கள் நாம்தாம். பறவையின் கண்ணில் பட்டது நிமிர்ந்து நிற்கும் ஓர் உருவமும் அதன் நிறங்களும். மனிதர் கண்ணில் பட்டதோ கைவிடப்பட்ட முதியவர் ஒருவரின் கடைசிக் காதல். இரண்டையும் இயக்கியது ஒரே வகையான மூளைப்பண்பு. அதைத் தெளிவாகக் காட்டும் ஆய்வுகளை இனிப் பார்ப்போம்.

பொன்வண்டும் பழுப்புப் புட்டியும்

நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் இலை வைத்து வளர்க்கும் பொன்வண்டை நீங்கள் அறிவீர்கள். அதன் உறவினமான பெரிய வண்டு ஒன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது. ஆண் வண்டு தாழப் பறந்து, தரையில் இருக்கும் பெண் வண்டைத் தேடும். பெண் வண்டின் உடல் பழுப்பு நிறமானது, பளபளப்பானது, மேற்புறம் சிறுசிறு குழிகளால் நிறைந்தது. டாரில் குவின், டேவிட் ரென்ட்ஸ் என்னும் இரு பூச்சியியலாளர்கள் அங்குள்ள டொங்காரா என்ற ஊரருகே, சாலையோரத்தில் வீசப்பட்ட பழுப்பு நிறப் பீர்ப் புட்டிகளின்மேல் ஆண் வண்டுகள் ஏறி, இணைசேர முயல்வதைக் கண்டார்கள். புட்டியின் அடிப்பகுதியில் இருந்த சிறு புடைப்புகள் வெயிலில் மின்னியது, பெண் வண்டின் முதுகு மின்னுவது போலவே இருந்தது. வேறு நிறமுள்ள ஒயின் புட்டியை எந்த வண்டும் நாடவில்லை.

ஆண் வண்டுகள் எளிதில் புட்டியை விட்டு நீங்கவில்லை. எறும்புகள் வந்து கடித்தபோதும் ஒரு வண்டு நகராமல் இருந்ததை அவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டு வெளிவந்த இந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பின்பு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக்நோபல் பரிசு 2011இல் கிடைத்தது.

வண்டு மூடத்தனமாக நடந்துகொள்ளவில்லை. ‘பழுப்பு, பளபளப்பு, புடைப்பு, பெரிய உருவம்’ என்னும் நான்கைந்து குறிப்புகளைக் கொண்டு இணையை அடையாளம் காண அதன் நரம்பு மண்டலம் அமைந்திருக்கிறது. கண்ணாடிப் புட்டி தோன்றுவதற்கு முன்பு பல லட்சம் ஆண்டுகளாக அந்தக் குறிப்புகள் வண்டை ஏமாற்றியதில்லை.

இதே உண்மையை அதற்கு முன்பே வேறொரு வழியில் காட்டியவர், நெதர்லாந்தில் பிறந்த நிக்கோ டின்பெர்கன். கடற்காகத்தின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. குஞ்சு அந்தப் புள்ளியைக் கொத்தினால்தான் தாய் இரையைக் கக்கி ஊட்டும். டின்பெர்கனும் அவர் துணைவர்களும் குஞ்சின் முன்னே பலவகைப் போலி அலகுகளை நீட்டிப் பார்த்தார்கள். தாயின் தலையைப் போல அச்சாகச் செய்த உருவத்தைவிட, மூன்று வெள்ளைப் பட்டைகள் தீட்டிய மெல்லிய சிவப்புக் குச்சி ஒன்றையே குஞ்சுகள் மிகுதியாகக் கொத்தின. அந்தக் குச்சி எந்தப் பறவையையும் ஒத்திருக்கவில்லை. ஆயினும் குஞ்சின் மூளை தேடும் குறிப்புகள் அதில் கூடுதலாக இருந்தன. இதனை ‘மிகைத்தூண்டல்’ என்று கூறலாம். உண்மையானதைவிடப் போலியே சில வேளைகளில் மூளையை வலுவாக ஈர்க்கும். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுக்காக டின்பெர்கன், கொன்ராட் லோரென்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகிய மூவரும் 1973ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இவர்களுள் லோரென்ஸ், மனிதரிடமும் இத்தகைய குறிப்புகள் உண்டு என்று 1943இல் எழுதினார். பெரிய தலை, அகன்ற நெற்றி, பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால்கள் ஆகியவற்றைக் கண்டால் நமக்குக் காப்பாற்றும் உணர்வு எழுகிறது. குழந்தைக்காக அமைந்த உணர்வுதான். ஆனால் நாய்க்குட்டிக்கும் பொம்மைக்கும் அதே உணர்வு எழுகிறது. ஜப்பானியச் சித்திரத் தொடர்களின் நாயக நாயகியருக்கு முகத்தில் பாதியளவு கண்கள் வரையப்படுவதை நினைத்துப் பாருங்கள். வீரம், பரிவு, தவறாத வாக்கு, தனக்காகவே காத்திருத்தல் முதலிய பண்புகளையும் எந்த மனிதரிடமும் காண இயலாத அளவில் ஓர் எழுத்தாளர் ஒரே பாத்திரத்தில் சேர்த்துவிட முடியும். 16 வயது மகளின் வீரன், ஒரு வகையில், மூன்று வெள்ளைப் பட்டைகள் தீட்டிய சிவப்புக் குச்சி.

முக்கோணத்துக்கும் மனம் உண்டோ?

மனித மூளை விலங்கின் மூளையைவிட ஒரு படி மேலே செல்கிறது. நமக்கு உருவ ஒற்றுமைகூடத் தேவையில்லை, அசைவு போதும்.

1944ஆம் ஆண்டு ஃபிரிட்ஸ் ஹைடர், மரியானா சிம்மல் என்னும் உளவியலாளர்கள் மிகச் சிறிய படம் ஒன்றை மாணவியருக்குக் காட்டினார்கள். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு சிறு வட்டம் ஆகியவை ஒரு கட்டத்தைச் சுற்றி அசையும், அவ்வளவுதான். பார்த்ததை எழுதச் சொன்னபோது, 34 பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் அவற்றை உயிருள்ளவையாகவே விவரித்தனர். பெரிய முக்கோணம் கொடியது, சிறிய முக்கோணம் துணிவுள்ளது, வட்டம் அஞ்சி ஓடுகிறது என்று கதையே எழுதிவிட்டார்கள். வடிவங்கள் நகர்ந்தன என்று மட்டும் எழுதியவர் ஒரே ஒருவர்.

பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் இந்த ஆற்றல் இல்லாவிட்டால் நம்மால் குடும்பமாகவும் ஊராகவும் வாழ முடியாது. அழும் குழந்தைக்குப் பசியா வலியா என்று தாய் ஊகிப்பதும் இதனால்தான். பேச இயலாத நோயாளியின் புருவச் சுருக்கத்தைக் கண்டு நீங்கள் தலையணையைச் சரிசெய்வதும் இதனால்தான். முக்கோணத்துக்கே மனம் கற்பிக்கும் மூளை, தினமும் நம் வீட்டுக்கு வந்து, நம்மை நோக்கிப் பேசி, கண்ணீர் விடும் முகத்துக்கு மனம் கற்பிப்பதில் வியப்பில்லை.

தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்திலேயே, 1956இல், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இருவர் இதற்கு ஒரு பெயர் சூட்டினார்கள். திரையில் தோன்றுபவரோடு பார்ப்பவர் கொள்ளும் நெருக்கம் நட்பைப் போலவே வளர்கிறது. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வளர்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். தமிழில் இதனை ‘ஒருவழி உறவு’ எனலாம். திரையும் இதற்குக் கட்டாயமில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வெளிவந்தபோது, அடுத்த வாரம் வரும்வரை வந்தியத்தேவனுக்கு என்ன ஆயிற்றோ என்று வீடுகளில் பேசிக்கொண்டார்கள். பூங்குழலி வரலாற்றில் இல்லாதவள். கல்கியின் கற்பனையில் பிறந்தவள். அவள் பெயரைத் தம் பெண் குழந்தைக்குச் சூட்டிய பெற்றோரை யாரும் மனநல மருத்துவரிடம் அழைத்து வரவில்லை.

பிணைப்பு எப்படி இறுகுகிறது?

ஈர்ப்பு வேறு, பிணைப்பு வேறு. ஈர்ப்பு ஒரு நொடியில் எழும். பிணைப்பு உருவாக நாளாகும். பிணைப்பைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதியைக் கற்றுத்தந்தது, வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் வோல் என்னும் சிற்றெலி. பாலூட்டிகளில் மிகச் சில இனங்களே இணைபிரியாது வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று புல்வெளி வோல். அதன் நெருங்கிய உறவினமான மேய்ச்சல்நில வோல் அப்படி இணைந்து வாழ்வதில்லை. 2004இல் ஆய்வாளர்கள் மேய்ச்சல்நில வோலின் மூளையில், மகிழ்ச்சியோடு தொடர்புடைய ஒரு பகுதியில், வாசோபிரசின் என்னும் ஹார்மோனை ஏற்கும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கச் செய்தார்கள். அதன்பின் அந்த ஆண் எலிகள் தமக்குப் பழகிய பெண்ணின் அருகிலேயே தங்கத் தொடங்கின.

ஆக்ஸிடோசின் என்னும் மற்றொரு ஹார்மோனை ‘அன்பின் ஹார்மோன்’ என்று பலரும் எழுதுகிறார்கள். 2023இல் வெளியான ஆய்வில், அந்த ஹார்மோனை ஏற்கும் புரதமே இல்லாமல் பிறக்கச் செய்த புல்வெளி வோல்களும் இணை சேர்ந்து வாழ்ந்தன, குட்டிகளையும் வளர்த்தன. எனவே, அன்பு ஒரே ஒரு ஹார்மோனின் வேலையன்று. ஒரு வழி அடைபட்டாலும் வேறு வழியில் பிணைப்பை உண்டாக்கிக்கொள்ளும் அளவுக்கு மூளை அதற்குப் பல பாதைகளை வைத்திருக்கிறது.

பழகிய முகம், பழகிய நேரம், அதோடு சேர்ந்து வரும் ஆறுதல் ஆகியவை மீண்டும் மீண்டும் ஒன்றாக நிகழும்போது பிணைப்பு இறுகுகிறது. நீண்டநாள் சிகிச்சையில் இருப்பவரின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ஊசி குத்தும் நேரம் மாறும். மருத்துவர் வரும் நேரம் மாறும். பார்க்க வருவோர் சில நாள் வருவர், சில நாள் வாரார். மாலை ஏழரைக்குத் தொடர் மட்டும் தவறாமல் வரும். அதில் வரும் மருமகள் ஒருநாளும் “இன்று எப்படி இருக்கிறீர்கள், கிரியாட்டினின் எவ்வளவு?” என்று கேட்பதில்லை. தன் துன்பத்தை மட்டும் சொல்கிறாள். கேட்பவர் நோயாளி என்னும் நிலையிலிருந்து விலகி, மற்றொருவருக்காக வருந்தக்கூடிய பெரியவராகிறார்.

மனிதருக்கும் வண்டுக்கும் உள்ள வேறுபாடு

பொன்வண்டுக்குப் புட்டி புட்டியென்று தெரியாது. உங்கள் மகளுக்கு அந்த வீரன் வரையப்பட்டவன் என்று நன்றாகத் தெரியும். மருத்துவ நோக்கில் மிக முக்கியமான வேறுபாடு இதுவே.

ஃபின்லாந்து ஆய்வாளர்கள் இருவர், கதைமாந்தர் மீது காதல் கொண்டோர் பொதுவெளியில் எழுதிய 71 உரையாடல்களைத் தொகுத்து ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள். அத்தகையோர் கற்பனைக்கும் உண்மைக்கும் உள்ள எல்லையை இழந்தவர்கள் அல்லர் என்பது அதில் தெரிந்தது. தம் அன்புக்கு மறுமொழி வராது என்பதை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர், அறிந்திருந்ததாலேயே வருந்தினர். பிறர் கேலி செய்வார்களோ என்னும் அச்சமும் அவர்களிடம் இருந்தது. கதைமாந்தர் மீது கொள்ளும் காதலை மருத்துவ வகைப்பாடுகள் எவையும் ஒரு நோயாகப் பட்டியலிடவில்லை.

தனிமைக்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் அறிய வேண்டும். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் ரசிகர்கள் 19 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்களுடைய நண்பர்களின் பெயர்களையும் தொடரின் பாத்திரங்களின் பெயர்களையும் காட்டினார்கள். நெற்றிக்குப் பின்னே, பிறரைப் பற்றி எண்ணும்போது இயங்கும் மூளைப் பகுதியைக் கவனித்தார்கள். தனிமை குறைந்தோரிடம் நண்பருக்கும் பாத்திரத்துக்கும் வேறுபாடு துலக்கமாக இருந்தது. தனிமை மிகுந்தோரிடம் அந்த எல்லை மங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான். எனினும் மருத்துவமனையில் நாங்கள் காண்பதோடு இது ஒத்துப்போகிறது. பாத்திரத்தின் மீதுள்ள அன்பு சில நேரங்களில் வேறொரு வெற்றிடத்தைச் சுட்டும் விரலாக இருக்கிறது. விரலைப் பிடித்து இழுப்பதால் வெற்றிடம் நிரம்பாது.

இல்லாத விலங்கு ஒன்று செய்யும் மருத்துவம்

இந்த இயல்பை மருத்துவமே நன்மைக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. ஜப்பானில் உருவாக்கப்பட்ட ‘பாரோ’ என்னும் இயந்திரம், பனிக்கடலில் வாழும் சீல் குட்டியின் உருவம் கொண்டது. வெள்ளை மயிர்ப் போர்வையும் பெரிய கரிய கண்களும் உடையது. தடவிக்கொடுத்தால் கண் மூடும். அழைத்தால் தலை திருப்பும். எடை சுமார் 2.7 கிலோ, ஏறத்தாழ ஒரு பச்சிளங்குழந்தையின் எடை. அமெரிக்காவில் 2009இல் இது மருத்துவக் கருவியாக ஏற்கப்பட்டது. மறதி நோயுள்ள முதியோர் இல்லங்களில் இதனை மடியில் வைத்திருக்கத் தந்தபோது, பதற்றம் தணிந்ததாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன.

ஏன் சீல் குட்டி? முதலில் நாய், பூனை வடிவங்களையும் முயன்று பார்த்தார்கள். நாயையும் பூனையையும் எல்லோரும் அறிவர். ஆதலால் உடனே உண்மை விலங்கோடு ஒப்பிட்டு, இது போலி என்று ஒதுக்கினார்கள். சீல் குட்டியைத் தூக்கிக் கொஞ்சியவர் யார்? ஒப்பிட ஏதுமில்லாதபோது மனம் அதை எளிதாக ஏற்றுக்கொண்டது.

பொம்மையைத் தாலாட்டும் தாயாருக்கு இது பொருந்தும். நினைவுகள் உதிர்ந்த பின்னும், காக்க வேண்டும் என்னும் உணர்வு நெடுங்காலம் நிலைத்திருக்கிறது. பிள்ளைகள் வளர்ந்து, சமையலறை கைமாறி, தம்மையே பிறர் குளிப்பாட்டும் நிலைக்கு வந்தவருக்கு, தாம் பார்த்துக்கொள்ள ஓர் உயிர் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். அதைப் பிடுங்க வேண்டியதில்லை. நீங்களாகப் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. “குழந்தை தூங்கிவிட்டதா அம்மா?” என்று கேட்பது கடினமாக இருந்தால், “உங்கள் கை அதற்கு இதமாக இருக்கிறது” என்று சொல்லலாம்.

எப்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டும்?

அன்பு எவ்வளவு ஆழமானது என்பதைவிட, அது வாழ்க்கையை விரிக்கிறதா சுருக்குகிறதா என்பதையே நாங்கள் பார்க்கிறோம். கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் தயங்காமல் தெரிவியுங்கள்.

1. பாத்திரமோ அதில் நடிப்பவரோ தம்மை உண்மையாகக் காதலிப்பதாகவும், திரை வழியே தமக்கு மட்டும் மறைமுகச் செய்தி அனுப்புவதாகவும் ஒருவர் உறுதியாக நம்புதல். இது கற்பனையோடு கொண்ட அன்பன்று, எண்ணக் கோளாறு. மருந்தால் நல்ல பயன் கிடைக்கும்.

2. தொலைக்காட்சியில் வருவோர் அறைக்குள் இருப்பதாகவும், தம் உணவை எடுத்துவிட்டதாகவும் மறதி நோயாளி கூறுதல். வாதிட வேண்டாம். தொலைக்காட்சியை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அவர் பேச்சை வேறு திசைக்கு மாற்றி, அடுத்த வருகையின்போது சொல்லுங்கள்.

3. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென இவ்வாறு பேசத் தொடங்குதல். மருத்துவமனையில் தங்கியிருக்கும் முதியோரிடம் இது கிருமித்தொற்று, உப்புச் சமநிலை மாற்றம், சிறுநீர் அடைப்பு, மருந்தின் விளைவு ஆகியவற்றால் வரும் குழப்ப நிலையாக இருக்கலாம். காலைவரை காத்திராமல் அந்நேரமே செவிலியரை அழையுங்கள்.

4. உறக்கம், உணவு, படிப்பு, மருந்து, டயாலிசிஸ் முறை ஆகியவை தொடர்ந்து தவறுதல். பாத்திரம் சார்ந்த பொருள்களுக்காகக் கடன் வாங்குதல். உயிருள்ள நண்பர் அனைவரிடமிருந்தும் விலகுதல்.

5. பாத்திரத்தின் மறைவையோ தொடரின் முடிவையோ ஒட்டி, வாழ வேண்டாம் என்னும் பேச்சு எழுதல். “சீரியலுக்காகவா?” என்று சிரித்துவிடாதீர்கள். அந்த முடிவு, நெடுநாள் சேர்ந்திருந்த துயரின் கதவைத் திறந்திருக்கலாம். உடனே எங்களிடம் வாருங்கள். இரவு நேரமாயினும் 14416 என்னும் அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்று கைப்பேசியில் நம்மோடு உரையாடும் செயற்கை நுண்ணறிவுப் பாத்திரங்களும் வந்துவிட்டன. இவை மறுமொழி தருவதால், பழைய ஒருவழி உறவு இருவழிப் பாதை போலத் தோன்றுகிறது. 2018இல் ஜப்பானியர் ஒருவர் ஹட்சுனே மிகு என்னும் கணினிப் பாடகியை மணப்பதாக விழா நடத்தினார். சட்டம் அதை மணமாக ஏற்கவில்லை. பணியிடத்தில் பிறர் தந்த துன்பத்தால் நொறுங்கிப்போன தம்மை மீட்டெடுத்தது அந்தப் பாத்திரமே என்று அவர் கூறியிருக்கிறார்; அதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அவர் அவளோடு உரையாட உதவிய கருவியின் சேவையை நிறுவனம் 2020இல் நிறுத்திவிட்டது. ஒரு நாவலின் நாயகியை யாரும் நம்மிடமிருந்து திரும்பப் பெற இயலாது. நிறுவனம் நடத்தும் உரையாடல் துணை ஒரே நாளில் மறைந்துபோகலாம். மேலும், அது எப்போதும் நம் சொல்லுக்கு இசைந்தே பேசக்கூடும். மார்பு வலிக்கோ மருந்தின் அளவுக்கோ அதனிடம் ஆலோசனை கேட்டு நிற்பது ஆபத்து என்பதை வீட்டிலுள்ள இளையோருக்கும் முதியோருக்கும் சொல்லிவையுங்கள்.

குடும்பத்தாருக்குச் சில யோசனைகள்

கேலி வேண்டாம். கேலி செய்யப்பட்ட அன்பு மறைந்துபோவதில்லை, ஒளிந்துகொள்கிறது. ஒளிந்துகொண்டால், அறிகுறி தோன்றும்போது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கேளுங்கள். “அவனிடம் உனக்கு எது பிடிக்கிறது?” என்னும் ஒரு கேள்விக்கு வரும் விடை பல மணிநேரப் பரிசோதனைக்கு ஈடாகும். “அவன் நண்பர்களை ஒருநாளும் விட்டுப்போக மாட்டான்” என்று மகள் சொன்னால், பள்ளியில் யாரோ அவளை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்குங்கள். “அந்த மருமகள் எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள்” என்று கணவர் வருந்தினால், அவரும் எதையோ வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறார் என்று கருத இடமுண்டு.

உடன் அமருங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அந்தத் தொடரை அவரோடு சேர்ந்து பாருங்கள். தனியே பார்க்கும்போது அது ஒருவழி உறவு; இருவர் சேர்ந்து பார்த்துப் பேசும்போது அந்தப் பாத்திரம் உங்கள் இருவருக்கும் இடையே ஒரு பாலமாகிறது. நோயைப் பற்றிப் பேசிப் பேசிச் சொற்கள் தீர்ந்துபோன வீடுகளில், மாலைத் தொடரின் மாமியாரைத் திட்டுவதில் தொடங்கி மீண்டும் பேச்சு வளர்ந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இறுதியாக, பராமரிப்பவராகிய உங்களுக்கும் ஒரு சொல். இரவு மருந்து கொடுத்து முடித்து, வார்டின் விளக்கு அணைந்தபின், கைப்பேசியில் ஒரு தொடரைத் திறந்து, அதில் வரும் எவரோ ஒருவருக்காகக் கண்ணீர் விடுகிறீர்கள் என்றால் அதற்காக நாணாதீர்கள். நாள் முழுதும் நோயாளியின் முன் அடக்கிவைத்த கண்ணீராகவும் அது இருக்கலாம். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது நோயாளியின் உறக்கத்தோடு உங்கள் உறக்கத்தைப் பற்றியும் சொல்லுங்கள். அதைக் கேட்பதும் எங்கள் பணிதான்.